கையால் ஆட்டிய மணி

குதிரையின் காலைவிட மனிதனின் காலை நம்பிய ஒரு ராஜா முன்னொரு காலத்தில் வேம்பநாட்டை ஆண்டான். அவனுடைய ஓலைகளை ஓட்டக்காரர்கள்தான் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள்.

ஒவ்வொரு ஓட்டக்காரன் கையிலும் மணி கட்டிய கோல் ஒன்று இருக்கும். ஓடினால் மணி குலுங்கும். ஓட முடியாமல் நடந்தால் மணியைக் கையால் பொத்திக்கொள்ள வேண்டும். மணி நின்றுவிட்டால் பக்கத்து ஊர்க்காரர்கள் தண்ணீர்க் குடத்தோடு ஓடிவருவார்கள். அது அந்த நாட்டு வழக்கம்.

தலைமை ஓட்டக்காரனுக்கு வயதாகிவிட்டது. அவன் இடத்துக்கு ராஜா ஒரு பந்தயம் வைத்தான். விடிந்ததும் கோட்டை வாசலில் புறப்பட்டு, மணற்காட்டையும் கரட்டையும் காய்ந்த ஏரியையும் கடந்து எல்லைக் கோயிலை அடைய வேண்டும். ஓட வந்தவர்கள் இருவர்.

ஒருவன் விருமன். அவன் அப்பாவும் பாட்டனும் பார்த்த வேலை அது. "எங்க வீட்டு மணி நின்னுச்சுன்னு எவனாவது சொல்லட்டும், பாப்போம்" என்று சந்தையில் மார்தட்டியவன். வாய் ஓடியதுபோலக் காலும் ஓடும் என்று நினைத்துவிட்டான், பாவம். மற்றவன் உப்பு வியாபாரி மகன் சாத்தன். பீற்றிக்கொள்ள அவனிடம் ஒன்றுமில்லை.

விருமன் முந்தினான். ஆனால் மணற்காட்டில் அவனுக்கு மூச்சு முட்டியது. ஓட்டம் நடையாயிற்று. மணியைப் பொத்தப் போனவன், 'ஊர் என்ன சொல்லும்?' என்று நினைத்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது. நடந்துகொண்டே கோலைக் கையால் ஆட்டினான்.

"அடேயப்பா, என்னா ஓட்டம்!" என்றார்கள் ஊர்க்காரர்கள். தண்ணீரோடு யாரும் வரவில்லை.

கரட்டு ஏற்றத்திலும் அதே கதைதான். கால் நடந்தது, கைதான் ஓடியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் வந்த சாத்தன் மணற்காட்டில் மணியைப் பொத்தினான். தண்ணீர் வந்தது. குடித்தான், கொஞ்ச தூரம் நடந்தான், மறுபடி ஓடினான். கரட்டிலும் பொத்தினான். அவனுக்கு மட்டும் வெட்கமில்லையா என்ன? இருந்தது. இருந்தும் பொத்தினான்.

காய்ந்த ஏரியின் நடுவில் விருமன் விழுந்தான். விழுந்தும் விட்டானா? படுத்தபடியே கோலை ஆட்டினான். கரைக்கு அந்தப் பக்கம் சுள்ளி பொறுக்கிய பெண்கள் மணியைக் கேட்டுக்கொண்டே பொறுக்கினார்கள்.

சாத்தன் வந்து பார்த்தான். தன் மணியைப் பொத்தினான். குனிந்து விருமனின் மணியையும் பொத்தினான். சிறிது நேரத்தில் ஒருத்தி குடத்தோடு ஓடிவந்தாள்.

"கூப்பிடு தூரத்துலதானே இருந்தோம்! மணி கேட்டுக்கிட்டே இருந்துச்சு, நல்லா ஓடுறீகன்னுல்ல நெனச்சோம்" என்றாள்.

விருமன் குடித்தான். அவள் முகத்தை அவனால் பார்க்க முடியவில்லை. "நீ போப்பா" என்று சாத்தனிடம் சொன்னான். சாத்தன் ஓடினான்.

வெகுநேரம் கழித்து, மணியைப் பொத்தியபடி விருமன் எல்லைக் கோயிலுக்கு நடந்து வந்தான்.

"மணற்காட்டிலும் கரட்டிலும் உன் மணி நிற்கவே இல்லை என்று சொல்கிறார்களே! பிறகு எப்படித் தோற்றாய்?" என்று கேட்டான் அங்கே காத்திருந்த ராஜா.

சாத்தன் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாம்பு குறுக்கே வந்தது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், விருமனின் மானம் தப்பியிருக்கும். அந்த வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு நிஜத்தைச் சொன்னான்.

"நடந்தேன், மகாராஜா. மணற்காட்டுல நடந்தேன், கரட்டுல நடந்தேன், ஏரியில விழுந்தேன். மணியைக் கையால ஆட்டினேன்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. விருமன் கூனிக்குறுகி நின்றான். தலைமைக் கோல் சாத்தனுக்குப் போயிற்று.

மறுவாரம் விருமன் சாதாரண ஓட்டக்காரனாக ஒரு ஓலையோடு அதே வழியில் கிளம்பினான். மணற்காட்டில் அவன் மணி நின்றது. ஊரே கேட்டது. வெட்கத்தில் அவன் தலை நிமிரவில்லை, ஆனால் தண்ணீர் வந்தது. குடித்துவிட்டு ஓடினான்.

தளர்ந்ததை மறைக்கிறவனுக்கு, உதவி கூப்பிடு தூரத்தில் இருந்தும் வந்து சேராது.