அருவிக்குப் போன ஆவுடையப்பர்

காரிமலை நாட்டு ராஜா பராங்குச பூபதி தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை உண்டு. கோபம் வந்தால் முதலில் தண்டோரா போட்டுவிடுவார், யோசிப்பதெல்லாம் அப்புறம்தான்.

ஆனி மாதத்தில் ஒருநாள், போகிற வழியில் பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்த்தார். வாத்தியார் இருந்தார். பிரம்பு இருந்தது. பிள்ளைகளைத்தான் காணோம். மலையில் சாரல் இறங்கி அருவி கொட்டுகிறதென்று, ஊரே குடும்பம் குடும்பமாய் வண்டி கட்டிக்கொண்டு குளிக்கப் போயிருந்தது.

ராஜாவுக்கு மீசை துடித்தது. மறுநாளே தண்டோரா முழங்கியது.

"பள்ளிக்கூடம் நடக்கும் நாளில், அங்கே படிக்கிறவரை யாரும் வெளியே அழைத்துப் போகக் கூடாது! மீறி அழைத்துப் போகிறவர், யாராக இருந்தாலும், ஒரு மாதம் அதே பள்ளிக்கூடத்து மணலில் உட்கார்ந்து பாடம் படிக்க வேண்டும்!"

'யாராக இருந்தாலும்' என்று சேர்க்கச் சொன்னவர் பிரதானி திருமலைக்கொழுந்து. ராஜாவின் செல்லப்பிள்ளையான சபைப் புலவர் ஆவுடையப்பரை என்றைக்காவது ஒருநாள் மாட்டிவிட வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

ஆவுடையப்பர் வீட்டில் அன்று வேறு வழக்கு நடந்துகொண்டிருந்தது.

"பங்குனியில் பள்ளிக்கூடம் லீவு என்று எங்களை அருவிக்குக் கூட்டிப் போனீர்களே, அங்கே என்ன இருந்தது? வெறும் பாறையும் குரங்கும்" என்றாள் மனைவி கோமதி. "'அருவி எங்கேப்பா?' என்று உங்கள் மகள் கேட்டதற்கு என்ன சொன்னீர்கள்?"

"தூங்குகிறது என்றேன்."

"இப்போது எழுந்துவிட்டதாம்."

ஆவுடையப்பர் வாசலைப் பார்த்தார். மகள் வடிவு தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றிருந்தாள். அப்பாவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ராஜாவின் கட்டளையைத் தாங்கிவிடலாம், இந்தப் பார்வையைத் தாங்க முடியாது என்று அவருக்குத் தோன்றியது. வண்டியைக் கட்டச் சொன்னார்.

அருவியடியில் வடிவு மூச்சு முட்டக் கத்தினாள். "அப்பா, அடிக்குதுப்பா!" என்று வெளியே ஓடி வந்தாள். தலையைத் துவட்டுவதற்குள் மறுபடி உள்ளே ஓடினாள்.

திரும்பி வரும்போது கோட்டை வாசலில் பிரதானியே நின்றிருந்தார். "குளியல் எப்படி, புலவரே?" என்று கேட்டார். அவ்வளவு அன்பாக அவர் பேசி ஆவுடையப்பர் கேட்டதே இல்லை.

சபையில் ராஜா தயங்கினார். ஆவுடையப்பர் தயங்கவில்லை. "போனது நிஜம், தண்டனையும் நியாயம்" என்று கும்பிட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போய் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காலை நீட்டாதீங்கப்பா, வாத்தியார் அடிப்பார்" என்று வடிவு காதோரம் சொன்னாள்.

அந்த வாரமே அரண்மனைக்கு ஒரு தூதன் வந்தான். மலைக்கு மேற்கே உள்ள நாட்டுக்காரன். "சாரல் மேகம் எங்கள் பக்கமிருந்துதான் வருகிறது. ஆகவே உங்கள் அருவியும் எங்களுடையது. பொழுது சாய்வதற்குள் பதில் வேண்டும். பதில் இல்லையென்றால் படை வரும்" என்றான்.

சபையில் ஆளுக்கு ஆள் முழித்தார்கள். "ஆவுடையப்பரை அழைத்து வாரும்!" என்று ராஜா பிரதானியை விரட்டினார்.

பிரதானி பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றார். "ராஜா கூப்பிடுகிறார். எழுந்து வாரும்."

"வருகிறேன். ஆனால் நான் இப்போது இங்கே படிக்கிறவன். அழைத்துப் போகிறவர் ஒரு மாதம் மணலில் உட்கார வேண்டுமே. உங்கள் பட்டு வேட்டிக்குப் பரவாயில்லையா?"

பிரதானி வேட்டியைப் பார்த்தார். மணலைப் பார்த்தார். வந்த வழியே போய்விட்டார். வேறு யாரும் வரத் துணியவில்லை. கடைசியில் ராஜாவே வந்தார், பின்னால் பிரதானியும் வந்தார்.

"நான் ராஜா. நான் கூப்பிடுகிறேன், வாரும்!"

"'யாராக இருந்தாலும்' என்று கட்டளை, மகாராஜா. பிள்ளைகள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்."

ராஜா சுற்றிலும் பார்த்தார். அத்தனை குட்டிக் கண்களும் அவர் மேல்தான் இருந்தன. பெருமூச்சு விட்டு, கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து விஷயத்தைச் சொன்னார். நிற்பதா உட்காருவதா என்று தெரியாமல் வாத்தியார் நெளிந்தார்.

"இவ்வளவுதானா?" என்றார் ஆவுடையப்பர். "மேகம் அவர்களுடையதுதான் என்று ஒப்புக்கொள்ளுங்கள். போன ஆடியில் நம் ஏரிக்கரையை உடைத்து, நட்ட நாற்றை எல்லாம் வாரிக்கொண்டு போனதும் அதே மேகம்தானே? அவர்கள் மாடு நம் வயலில் மேய்ந்தால் யார் ஈடு கொடுப்பது என்று மட்டும் கேளுங்கள்."

பிரதானி அந்தப் பதிலோடு அரண்மனைக்கு ஓடினார். கொஞ்ச நேரத்தில் மூச்சிரைக்கத் திரும்பி வந்தார். "தூதன் போய்விட்டான், மகாராஜா! கொடுத்த தாம்பூலத்தைக்கூட எடுக்கவில்லை. மேகம் யாருக்கும் சொந்தமில்லையாம்!"

ராஜாவுக்கு உயிர் வந்தது. "இருந்தாலும் நீர் எழுந்து வந்திருக்கலாம். அவசரத்துக்குக்கூடவா விதிவிலக்கு இல்லை?"

"அருவிக்கும் அவசரம்தான், மகாராஜா. லீவு விடுகிற பங்குனி வரை அது காத்திருப்பதில்லை."

"அப்படியானால் பிள்ளைகள் படிக்கவே வேண்டாமா?"

"பங்குனியில் படிக்கட்டும். வறண்ட பாறையைப் பார்ப்பதற்குப் பாடத்தைப் பார்ப்பது மேல்."

ராஜா இந்தத் தடவை யோசித்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். "இனி லீவு பங்குனியில் இல்லை. சாரல் காலத்தில்தான். இந்த வருஷம் நாளைக்கே ஆரம்பம்!"

பிள்ளைகள் போட்ட கூச்சலில் கூரையிலிருந்த புறாக்கள் பறந்தன.

"ஆவுடையப்பரே, உமது தண்டனையும் ரத்து. வேண்டியதைக் கேளும்."

"அதை மட்டும் ரத்து செய்யாதீர்கள், மகாராஜா. லீவு முடிந்ததும் மிச்ச நாளையும் இங்கேயே இருந்து முடித்துவிடுகிறேன்."

"படிப்பில் அவ்வளவு ஆசையா?"

"அதெல்லாம் இல்லை. சபையில் மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தால் பிரதானி பார்த்துவிடுகிறார். இங்கே எனக்கு முன்னால் வாத்தியார் தூங்கிவிடுகிறார்!"

ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே சாய்ந்துவிட்டார். பிரதானிகூடச் சிரித்தார். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை, பிரம்பைத் தேடிக்கொண்டிருந்தார்.