கொட்டாவிக்கு ஓலை

முன்னொரு காலத்தில் ஒரு நாடு இருந்தது. அதன் பெயரைக் கேட்காதீர்கள். சொல்வதற்கு மடத்தில் அனுமதி வாங்க வேண்டும். அந்த நாட்டில் மந்திரம் பலிக்கும். இரண்டு வரி முணுமுணுத்து விரலைச் சொடுக்கினால் விளக்கு தானே எரியும், கிணற்றுத் தண்ணீர் தானே மேலே வரும். ஆனால் சும்மா சொல்லிவிட முடியுமா? ராஜாதான் மடத்துக்கும் தலைவர், குருமன்னர் என்று பெயர். மடத்து முத்திரை வைத்த ஓலை இல்லாமல் மந்திரம் சொன்னால் நாக்கை அறுத்துவிடுவார்கள். விக்கல் நிற்கிற மந்திரத்துக்கு மனுப் போட்டால் ஓலை வர மூன்று மாதம் ஆகும். அதற்குள் விக்கல் போயிருக்கும், இல்லாவிட்டால் ஆள் போயிருப்பான்.

ஓலை கொடுக்கிற அதிகாரி மந்திரக்காவலர் திருவாழியார். அவருக்குச் சிரிப்பு என்றாலே ஆகாது. அரண்மனை விகடகவி கூத்தையன் ஏதாவது சொல்லி மன்னர் சிரித்துவிட்டால் அன்றைக்கு இவருக்குச் சோறு இறங்காது. இவனை எப்படிக் கவிழ்ப்பது என்று காத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் வழி அவர் வீட்டுக்குள்ளேயே வந்து நின்றது.

திருவாழியாரின் மருமகள் செண்பகவல்லிக்குப் பிரசவ வலி கண்டது. இரண்டு நாளாகியும் குழந்தை வரவில்லை. கூடவே இருந்து பார்த்தவள் மருத்துவச்சி சிட்டம்மாள். அவள் வேறு யாருமில்லை, கூத்தையனின் மாமியார்தான். இரண்டு நாள் பொட்டுத் தூக்கம் இல்லாதவளுக்கு வந்தது ஒரு கொட்டாவி. கொட்டாவி விட்டால் வாய்க்கு முன்னால் சொடக்குப் போடுவோமே, காற்று கருப்பு உள்ளே போய்விடாமல் இருக்க, அப்படி அவளும் ஒரு சொடக்குப் போட்டாள். அதே நேரம் குழந்தை வீலென்று அழுதுகொண்டு வெளியே வந்துவிட்டது.

கதவுக்கு வெளியே நின்ற திருவாழியாருக்குக் குழந்தையின் அழுகை கேட்கவில்லை, சொடக்குச் சத்தம்தான் கேட்டது. பேரன் பிறந்தானே, வாயில் ஒரு துளி சர்க்கரை போட்டுக்கொள்வோம் என்று தோன்ற வேண்டாமா? "ஓலை இல்லாத மந்திரம்!" என்று கூவி, அந்தக் கையோடு சிட்டம்மாளைச் சிறையில் போட்டுவிட்டார். என்ன மனுஷனோ!

பத்தாம் நாள், மத்தியானச் சாப்பாடு முடிந்து சபை கூடியது. செண்பகவல்லி பச்சைக் குழந்தையோடு வந்து ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நாக்கு அறுப்பவன் கத்தியைத் தட்டில் வைத்துக்கொண்டு நின்றான்.

"சாமி, அது வெறும் கொட்டாவி சாமி! கொட்டாவிக்கு யாராவது ஓலை வாங்கிட்டு வருவாங்களா?" என்று அழுதாள் சிட்டம்மாள்.

கூத்தையன் கத்தியைப் பார்த்தான். பார்த்துவிட்டு முன்னால் வந்து கும்பிட்டான்.

"என்ன கூத்தையா," என்றார் திருவாழியார், "மாமியாரின் நாக்கு போகிறதென்றால் மருமகன் பந்தல் போட்டல்லவா கொண்டாட வேண்டும்?"

"அந்த நாக்குகிட்ட தினம் நாலு திட்டு வாங்கினாத்தான் எனக்குச் சோறு செரிக்கும் ஐயா. அது போச்சுன்னா வீடு வெறிச்சுன்னு ஆயிடும்," என்றான் கூத்தையன். பிறகு மன்னரைப் பார்த்துச் சொன்னான்: "மகாபிரபு, எது மந்திரம், எது மந்திரமில்லை என்று சட்டத்தில் இருக்குமே? அதை முதல் ஏட்டிலிருந்து படிக்கச் சொல்ல வேண்டும்."

திருவாழியாருக்குப் பெருமை தாங்கவில்லை. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார். முதல் ஏடு, இரண்டாம் ஏடு, நாற்பதாம் ஏடு. வெளியே வெயில் கொளுத்தியது, உள்ளே பருப்பும் பாயசமும் எல்லார் வயிற்றிலும் கனத்தன. இந்தச் சட்டத்தை இருநூறு வருஷமாக யாரும் கடைசி வரை கேட்டதில்லை, நடுவிலேயே தூங்கிவிடுவார்கள். ஒருவழியாகத் தொண்ணூறாம் ஏட்டில் விஷயம் வந்தது: "ஒருவர் வாய் திறந்து, விரல் சொடுக்கி, அதனால் பிறர் உடம்பு தம் விருப்பமின்றி அசையுமானால், அதுவே மந்திரம்."

"பார்த்தீர்களா! மருத்துவச்சி வாயைத் திறந்தாள், சொடுக்கினாள், குழந்தை அசைந்தது!" என்றார் திருவாழியார்.

"மகாபிரபு, அப்படிப் பார்த்தால் இந்தச் சபையே மந்திரவாதிகள் சபைதான்," என்றான் கூத்தையன்.

மன்னருக்குச் சட்டென்று ஓர் ஆசை பிறந்தது. "அப்படியா? ஒரு சொல் சொல்லாமல், ஒருவரையும் தொடாமல், இந்தச் சபை முழுவதையும் ஒரே காரியத்தைச் செய்ய வை, பார்க்கலாம்!"

"செய்ய முடியாவிட்டால் மாமியார் நாக்கு போகும்," என்று குறுக்கே விழுந்தார் திருவாழியார். "செய்துவிட்டால் ஓலை இல்லாத மந்திரம், இரண்டு பேர் நாக்கும் போகும்!"

சபை உச்சுக் கொட்டியது. சிட்டம்மாள், "வேணாம் மாப்பிள்ளை, என்னோட போகட்டும்," என்றாள். கூத்தையன் காதில் வாங்கவில்லை. சபை நடுவில் போய் நின்றான். வாயை மெல்லத் திறந்தான். திறந்தான், திறந்துகொண்டே போனான், அண்ணாக்கு தெரிகிற மாதிரி ஒரு கொட்டாவி! கடைசியில் ஒரு சொடக்கு.

வாயிற்காவலன் ஒரு கொட்டாவி விட்டுச் சொடக்கினான். அவனைப் பார்த்துப் படைத்தலைவர், அவரைப் பார்த்து மந்திரிமார் வரிசை முழுக்க. கத்திக்காரன் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஒன்று விட்டான். சபையெங்கும் சடசடவென்று சொடக்கு. கடைசியில் சிம்மாசனத்திலிருந்தே, "ஆ...வ்!"

திருவாழியார் மட்டும் அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர அடக்கிவிட்டார்.

"மந்திரம் பலித்துவிட்டது! அறு இருவர் நாக்கையும்!" என்று குதித்தார்.

"அப்போ, சொடுக்கின இவங்க எல்லாரும்?" என்றான் கூத்தையன்.

"மன்னர் மடத்துக்கே தலைவர், அவருக்கு ஓலை வேண்டாம். மற்றவர்கள் உன் மந்திரத்தில் சிக்கியவர்கள். சிக்காதவன் நான் ஒருவன்தான். சட்டம் என் பக்கம்!"

கூத்தையன் மாமியார் பக்கத்தில் போய் நின்றான். கத்திக்காரன் தட்டைக் கையில் எடுத்தான். சிட்டம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து, செண்பகவல்லி மடியிலிருந்த குழந்தை மூக்கைச் சுருக்கி, பொக்கை வாயைத் திறந்து, சின்னதாக ஒரு கொட்டாவி விட்டது.

பேரன் கொட்டாவி விட்டால் எந்தத் தாத்தாவின் கை சும்மா இருக்கும்? திருவாழியாரின் விரல்கள் அவரைக் கேட்காமலே குழந்தை இருந்த பக்கம் நீண்டு, 'டக்' என்று சொடக்கின. கூடவே அவர் வாயும் திறந்துகொண்டது. அடக்கி வைத்திருந்த கொட்டாவியல்லவா, காது வரைக்கும் திறந்தது!

கூத்தையன் மெதுவாகக் கேட்டான்: "ஐயா, யார் நாக்கை முதல்ல அறுக்கிறது? மந்திரம் போட்ட பேரன் நாக்கையா, சேர்ந்து சொடுக்கின தாத்தா நாக்கையா?"

திருவாழியார் பாய்ந்து போய்க் குழந்தையை மறைத்துக்கொண்டு நின்றார். "ஐயையோ! பச்சை மண்ணுடா அது! அதுக்கு என்னடா தெரியும்? கொட்டாவி தானா வர்றது, யாராவது வேணும்னா விடுவாங்க?"

"அதைத்தானே ஐயா எங்க அத்தை பத்து நாளாச் சொல்லி அழறாங்க!"

குருமன்னர் சிரிக்க ஆரம்பித்தார். கிரீடம் சரிந்து மடியில் விழுந்தது, அதற்கும் சிரித்தார். திருவாழியார் தலை குனிந்து, "அம்மா, தப்பு என்னுடையது. என் பேரன் உயிரோடு இருப்பது உன்னால்," என்று சிட்டம்மாளைக் கும்பிட்டார். அவர் கையாலேயே விலங்கைக் கழற்ற வைத்தார் மன்னர். பிறகு தம் முத்துமாலையைக் கூத்தையன் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்!" என்றார்.

"ஓர் ஓலை, பிரபு. இந்நாட்டில் கொட்டாவிக்கு ஓலை வேண்டாம் என்று ஓர் ஓலை."

மன்னர் அங்கேயே முத்திரை வைத்துக் கொடுத்தார். ஓலையை வாங்கிக்கொண்டு திரும்பிய மருமகனைச் சிட்டம்மாள் ஏற இறங்கப் பார்த்தாள். கண்ணில் நீர் நின்றது. வாய் மட்டும் நிற்கவில்லை.

"ஏன் மாப்பிள்ளை, இந்தப் பாழாப்போன கொட்டாவியை முதல் நாளே வந்து விட்டிருந்தா என்னவாம்? பத்து நாளா அந்தக் களியைத் தின்னு என் நாக்கு செத்தே போச்சு!"

"பிரபு, கேட்டீங்களா? செத்த நாக்கே இப்படிப் பேசுது!" என்றான் கூத்தையன். மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாலையோடு மாலையாக இன்னொரு மாலையையும் கழற்றிப் போட்டார். அது மாமியாரோடு குடித்தனம் நடத்துவதற்காம்.