கீரிக்குப் போர்த்திய பொன்னாடை

கோரைக்குளத்தில் ஊர்ச் சேதி சொல்லுகிற மேடை ஓர் எருமையின் முதுகுதான்.

மந்தையன் என்கிற அந்த எருமை மதியம் தண்ணீரில் இறங்கிப் படுத்தால் பொழுது சாய்கிற வரை எழுந்திருக்காது. வெயில் பனைமரத்துக்குப் பின்னால் இறங்கியதும் செவத்தி என்கிற ஆள்காட்டிக் குருவி பறந்து வந்து அதன் முதுகில் நிற்பாள். மஞ்சள் கால்களை அகட்டி வைத்துக்கொள்வாள். தொண்டையைச் செருமுவாள். அவ்வளவுதான்! தவளை, ஆமை, அணில், மைனா எல்லாம் கரைக்கு ஓடி வந்துவிடும்.

கூட்டத்துக்கு இரண்டே விதி. எருமை எழுந்து காதை உதறும் வரை கூட்டத்தில் யாரும் யாரையும் தின்னக் கூடாது. அப்புறம், சேதி சொல்லுகிறவர் வெறும் சேதியோடு நிறுத்தக் கூடாது. அதைப் பற்றித் தன் மனசில் என்ன பட்டதோ அதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது விதி செவத்திக்கு வெல்லக்கட்டி மாதிரி!

ஒருநாள் காலையில் செவத்தி நாலாவது முட்டையை இட்டாள். குளத்துக்கு மேற்கே சரளை மேட்டில்தான் அவள் வீடு. வீடு என்றால் சும்மா ஒரு சின்னப் பள்ளம். சுற்றிலும் கல். முட்டையும் கல் மாதிரியே புள்ளி புள்ளியாக இருக்கும். பார்த்தால் யாருக்கும் தெரியாது.

சாயங்காலம் சேதி சொல்லக் கிளம்பும்போது, அடைகாத்துக்கொண்டிருந்த புருஷன் வீரணன் கூப்பிட்டான்.

"இந்தா பாரு, செவத்தி. இந்தச் சேதியை மட்டும் இப்போ சொல்லாதே. குஞ்சு பொரிஞ்சு ஓட ஆரம்பிக்கட்டும். அப்புறம் சொல்லிக்கோ."

"நான் ஏன் சொல்லப் போறேன்? எனக்கென்ன பைத்தியமா?"

"உனக்குப் பைத்தியம் இல்லை. உன் வாய்க்குத்தான் லேசா..."

"என் வாயைப் பத்திப் பேசினா முட்டையை நீங்களே அடைகாத்துக்கோங்க!"

"இப்போ மட்டும் யார் காத்துக்கிட்டு இருக்காங்களாம்?"

செவத்தி சிறகை உதறினாள். சட்டென்று பறந்துவிட்டாள்.

குளத்தங்கரையில் கூட்டம் நிரம்பியிருந்தது. செவத்தி ஆரம்பித்தாள்.

"கேளுங்க, கேளுங்க! நம்ம பூசணித் தவளையோட கடைசிப் பையனுக்கு இன்னிக்குக் காலையில வால் விழுந்துடுச்சு!"

"ஓஹோ!" என்று கூட்டம் கத்தியது. பூசணித் தவளைக்குப் பெருமையில் கன்னம் இரண்டும் உப்பிவிட்டது.

"என் மனசில பட்டதைச் சொல்றேன். வால் இருக்கிற வரைக்கும் அப்பா அம்மா பின்னாடியே சுத்துவான். வால் போனா திரும்பிப் பார்ப்பானா?"

"பார்க்கவே மாட்டான்!" என்று பெண் ஆமைகள் எல்லாம் ஒரே குரலில் பெருமூச்சு விட்டன.

"அடுத்த சேதி! வடகரை நத்தை தங்கச்சி கல்யாணத்துக்குப் புறப்பட்டுச்சே, ஞாபகம் இருக்கா? இன்னிக்குத்தான் போய்ச் சேர்ந்துச்சு! அங்கே பிள்ளைக்குப் பேர் வைக்கிற விருந்து நடக்குதாம்!"

"அடப் பாவமே! சாப்பாடாவது கிடைச்சுதா?"

"கிடைச்சுது! எப்போ போனாலும் பந்தி நடக்கிற வீடுதான் நல்ல வீடுன்னு என் மனசில பட்டுச்சு!"

கூட்டம் தண்ணீரை அடித்து அடித்துச் சிரித்தது.

"இன்னொண்ணு! நம்ம நண்டு மாமா நேரா நடக்கப் பழகுறார். இந்தக் கூட்டத்துக்குத்தான் புறப்பட்டிருக்கார். எங்கே போய் நிக்கிறாரோ தெரியலை!"

பாவம் நண்டு மாமா! கூட்டத்துக்கு என்று தினமும் புறப்படுவார். ஒருநாள்கூடக் கூட்டத்துக்கு வந்து சேர்ந்ததில்லை.

ஒவ்வொரு சேதி முடியும்போதும் கூட்டத்தின் கடைசியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"பிரமாதம், அக்கா! பிரமாதம்!"

அது ஒரு கீரி. வாலைச் சுருட்டி வைத்துக்கொண்டு மரியாதையாக உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு வார்த்தையைத் தவிர வேறு பேச்சே கிடையாது. அதைக் கேட்டால் செவத்திக்குக் கால் தரையில் பாவாது.

மூன்று சேதியும் முடிந்தது. செவத்தி வாயை மூடிக்கொண்டாள். ஆனால் அந்த நாலாவது சேதி தொண்டைக்குள் கிடந்து குதித்தது. ஒரு காலைத் தூக்கினாள். அதை வைத்துவிட்டு இன்னொரு காலைத் தூக்கினாள்.

"என்ன செவத்தி, முதுகில கூத்தாடுறே? கூசுது!" என்றது மந்தையன்.

"ஒண்ணுமில்லை, அண்ணே. ஒரு சேதி இருக்கு. ஆனா சொல்லக் கூடாது."

சொல்லக் கூடாது என்றதும் கூட்டம் சும்மா இருக்குமா? "சொல்லு! சொல்லு!" என்று குளமே குதித்தது.

"மாட்டேன்! எங்க வீட்டுக்காரர் சொல்லக் கூடாதுன்னு சொல்லிட்டார். எங்க வீட்டில நாலு முட்டை இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லவே மாட்டேன்!"

அவ்வளவுதான்! அப்புறம் ஒரே கும்மாளம்! தவளைகள் தாளம் போட்டன. அணில் தலைகீழாகத் தொங்கி ஆடியது. மைனாக்கள் விசிலடித்தன.

"என்ன நிறம், செவத்தி?" என்று கேட்டது பூசணித் தவளை.

"கல் நிறம்! அசல் கல்லேதான்! பக்கத்தில ஒரு சிவப்புப் பானை ஓடு கிடக்கு. அந்த ஓடு இல்லேன்னா பெத்தவ எனக்கே அடையாளம் தெரியாது!"

கீரி மெதுவாகக் கேட்டது. "ஏன் அக்கா, வெயில் பட்டா முட்டைக்கு ஆகாதே? நிழல் இருக்கா?"

'அடடா, எவ்வளவு அக்கறை!' என்று செவத்தி உருகிப்போனாள். "இருக்கு தம்பி! சரளை மேட்டில ஒத்தைக் கருவேலமரம் நிக்குதே, சாயங்காலம் அதோட நிழல் நேரா ஓட்டு மேலதான் விழும்! என் மனசில என்ன பட்டுச்சுன்னா, இந்த உலகத்திலேயே அழகான கல் நாலும் என் வீட்டில..."

செவத்தி அப்படியே நிறுத்தினாள். ஏதோ குறைந்தது. என்ன குறைந்தது?

'பிரமாதம்' வரவில்லை!

கீரி எழுந்து நின்றது. மெல்ல நாக்கால் உதட்டைத் தடவிக்கொண்டு மேற்குப் பக்கம் திரும்பியது. இத்தனை நாளில் அது பாதிக் கூட்டத்தில் எழுந்ததே இல்லை.

செவத்திக்கு அப்போதுதான் உறைத்தது. 'ஐயோ! நானே வழியைக் கையில கொடுத்துட்டேனே! கத்தி விரட்டலாம். மண்டையில கொத்தலாம். இன்னிக்குப் போனாலும் நாளைக்கு வருமே! முட்டையைத் தூக்கிக்கிட்டு ஓட முடியுமா?'

ஒரு கணம்தான் யோசித்தாள். பிறகு சரளை மேடு வரைக்கும் கேட்கிற மாதிரி தொண்டை கிழியக் கத்தினாள்.

"யாரும் எழுந்திருக்காதீங்க! முக்கியமான சேதி! நம்ம சேதியை எல்லாம் ஆர்வமாக் கேட்டுப் பாராட்டுகிற அருமைத் தம்பி கீரிக்கு இப்போ, இதே இடத்தில, பாராட்டு விழா!"

கீரியின் முன்னங்கால் அந்தரத்தில் நின்றது.

"எனக்கா?"

"உனக்குத்தான் தம்பி! பொன்னாடை உண்டு! சந்தனம் உண்டு! மந்தையன் அண்ணன் தலைமை உரை உண்டு!"

கீரி மேற்கே பார்த்தது. கூட்டத்தைப் பார்த்தது. முட்டை எங்கேயும் ஓடிப்போகாது. பொன்னாடை தினமும் கிடைக்குமா? திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது.

'வீட்டுக்காரருக்குக் காது இருக்கு. மூளையும் இருக்குன்னு நம்புவோம்!' என்று செவத்தி மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டிருந்த வீரணன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். "போச்சு! ஓட்டைச் சொல்லிட்டா! மரத்தைச் சொல்லிட்டா! நான் உட்கார்ந்திருக்கிற நிழலையும் சொல்லிட்டா!" என்று தலையில் அடித்துக்கொண்டான். பாராட்டு விழா என்ற சத்தம் கேட்டதும்தான் அவனுக்குப் புரிந்தது. அவள் கீரியை நிறுத்தி வைத்திருக்கிறாள்!

அந்தப் பானை ஓட்டை இங்கிருந்து நகர்த்த வேண்டும். அலகால் இழுத்துப் பார்த்தான். அசையவில்லை.

அப்போது கல்லுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "கூட்டம் இங்கேதானே?"

நண்டு மாமா!

"மாமா, கடவுள் மாதிரி வந்தீங்க! இந்த ஓட்டைக் கொடுக்கில பிடிச்சு வடக்கே கட்டெறும்புப் புத்து வரைக்கும் இழுத்துட்டுப் போகணும். என் பிள்ளைங்க உசுரு அதிலதான் இருக்கு!"

"அதுக்கென்ன மாப்பிள்ளை! இதோ, நேரா புத்துக்குப் போறேன்!"

"ஐயையோ, வேண்டாம் மாமா! புத்துக்குப் போகணும்னு நினைச்சா நீங்க வேறெங்கேயாவது போயிடுவீங்க. கூட்டத்துக்குப் போறதா நினைச்சுக்கிட்டு நடங்க!"

மாமாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் ஓட்டைக் கவ்விக்கொண்டார். 'கூட்டத்துக்குப் போறேன், கூட்டத்துக்குப் போறேன்' என்று சொல்லிக்கொண்டே சறுக்கிச் சறுக்கி நடந்தார். கச்சிதமாக எறும்புப் புற்றின் வாசலில் போய் நின்றார்!

குளத்தங்கரையில் விழா களை கட்டியது. ஆமைகள் ஒரு பெரிய தாமரை இலையை இழுத்து வந்து கீரிக்குப் போர்த்தின. கீரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

"சந்தனம் எங்கே?" என்றாள் செவத்தி. "பூசணி அண்ணே! குளத்தோட அடியில இருக்கே, பழைய கறுப்புச் சேறு, அதில ஒரு கை அள்ளிட்டு வாங்க!"

அந்தச் சேறு ஊறி ஊறி முட்டைக்கோசு அழுகின மாதிரி நாறும். தவளைக்கு அதுதான் அத்தர்! ஆசை ஆசையாகக் கொண்டு வந்து கீரியின் மூக்கில் அப்பியது.

"சந்தனத்தை மூக்கிலயா பூசுவாங்க?" என்று கீரி முகத்தைச் சுளித்தது.

"சாதாரண ஆளுக்கு நெத்தியில. உன்னை மாதிரிப் பெரிய ஆளுக்கு மூக்கில!"

"அப்படியா? அப்போ இன்னும் கொஞ்சம் பூசுங்க."

பிறகு மந்தையன் தலைமை உரை ஆற்றியது. "கீரி..." என்றது. அசை போட்டது. எல்லோரும் காத்திருந்தார்கள். "...நல்ல கீரி" என்றது. மறுபடி அசை போட்டது. வெயில் பனைமரத்தின் அடிக்குப் போய்விட்டது. "...நன்றி" என்று சொல்லி எழுந்து காதை உதறியது.

கூட்டம் முடிந்தது. கீரி பொன்னாடையோடு பறந்தது.

சரளை மேட்டில் தேடியது. கருவேல மரத்தின் நிழல் எப்போதோ கரைந்துவிட்டது. முகர்ந்து பார்த்தது. எங்கும் சேற்று நாற்றம்தான்! ஆனால் அதோ, சிவப்பு ஓடு! ஓட்டுக்குப் பக்கத்தில் பொடிமண் பரப்பி ஒரு சின்னப் பள்ளமும் இருக்கிறதே!

"பிரமாதம்!" என்று சொல்லிக்கொண்டு இரண்டு கையையும் உள்ளே விட்டது.

உள்ளே கட்டெறும்புகள் அப்போதுதான் ராத்திரிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தன.

"ஆ! ஊ! ஐயோ! அம்மா!"

கீரி துள்ளியது, உருண்டது, வாலைச் சுற்றிச் சுற்றிக் கடித்தது. தாமரை இலை காலில் சிக்கித் தடுக்கி விழுந்தது. ஓடி வந்து தொப்பென்று குளத்தில் குதித்தது. குளம் முழுக்க ஒரே குரலில் கத்தியது.

"பிரமாதம், தம்பி! பிரமாதம்!"

கீரி அக்கரை ஏறி ஓடியதுதான். அப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

செவத்தி மூச்சிரைக்க வீட்டுக்கு வந்தாள். சோம்பல் முறிக்க வீரணன் எழுந்து தள்ளி நின்றிருந்தான். அவள் தரையைப் பார்த்தாள். கல். கல். கல்.

"ஐயோ, என் பிள்ளைங்களைக் காணோமே!" என்று ஒரு கல்லைக் கட்டிக்கொண்டாள்.

"அது கல்லுடி! தள்ளு! உன் காலுக்குப் பக்கத்தில இருக்கே, அதுதான் முட்டை!"

செவத்தி நாலையும் வயிற்றுக்குக் கீழே சேர்த்துக்கொண்டு உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் பேசவே இல்லை. அவள் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததை வீரணன் அன்றைக்குத்தான் பார்த்தான்.

"ஏன் செவத்தி, மனசில என்ன பட்டுச்சு?" என்று கேட்டான்.

"நாளைக்குச் சொல்றேன்," என்றாள். அப்புறம் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. இரண்டு பேரும் முட்டை குலுங்காமல் சிரித்தார்கள்.

முட்டைகள் பொரிந்தன. நாலு குஞ்சும் ஓட ஆரம்பித்த அன்று செவத்தி எருமை முதுகில் ஏறி நின்று கூவினாள்.

"கேளுங்க, கேளுங்க! எங்க வீட்டில நாலு பிள்ளைங்க! நாலும் ஓடுது! கடைசிப் பொண்ணு அப்பன் சொல்றதையே கேட்கிறதில்லை!"

கூட்டம் குதித்தது. பூசணித் தவளை ஆவலாகக் கேட்டது. "எங்கே இருக்காங்க, செவத்தி? போய்ப் பார்க்கலாமே!"

செவத்தி வாயைத் திறந்தாள். மூடினாள். ஒரு காலைத் தூக்கினாள். இறக்கினாள்.

"வானத்துக்குக் கீழே, பூமிக்கு மேலே!" என்றாள். "அடுத்த சேதி! நண்டு மாமா இன்னிக்கு எறும்புப் புத்துக்குன்னு புறப்பட்டார். அதோ, பாருங்க, நம்ம கூட்டத்துக்கு வந்து சேர்ந்துட்டார்!"

நம் வீட்டுச் சந்தோஷத்தை ஊருக்கெல்லாம் சொல்லி மகிழலாம், அது குடியிருக்கும் இடத்துக்கு வழி மட்டும் சொல்லக் கூடாது.