பொங்கியண்ணன் வண்டியின் இன்ஜின்

என் அக்கா மகள் கௌசல்யாவுக்கு ரெண்டு பேர் மட்டும் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார் மேல் பள்ளிக்கூட நாளிலிருந்தே பைத்தியம். புதுசு நமக்குக் கட்டுப்படியாகாது, பழசுதான். "இன்ஜின் நல்லாருக்குன்னு உங்க மாமன் சொன்னா வாங்கு, இல்லாட்டி மறந்துரு" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டாள். நான் இருபத்தாறு வருஷம் லாரி ஓட்டியவன். அதனால் போன ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் சூலூரில் அப்படி ஒரு வண்டியை விற்க வைத்திருந்த பொங்கியண்ணன் ஷெட்டில் போய் நின்றோம்.

மனுஷன் வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் வாயைத் திறந்துவிட்டார்.

"இந்த மாடல்ல மூணு தலைமுறைங்க. மூணையும் வெச்சிருந்தவன் ஜில்லாவுலயே நான் ஒருத்தன்தான். மொத வண்டியில ஒருக்கா பல்லடம் தாண்டுனதும் ஆயில் சுத்தமாத் தீந்துபோச்சு. பக்கத்துச் செக்குல ரெண்டு லிட்டர் கடலெண்ணெய் வாங்கி ஊத்துனனுங்க. மதுரை வரைக்கும் மூச்சு விடாமப் போச்சு. பொகை பூரா பஜ்ஜி வாசம். பின்னால வந்த பஸ்காரங்க பசி தாங்காம ஒட்டன்சத்திரத்துலயே எறங்கிட்டாங்க."

"கடலெண்ணெய் ஊத்துனா பல்லடம் எல்லையிலயே பிஸ்டன் புடிச்சுக்குமுங்க" என்றேன்.

"அது உங்க லாரிங்க" என்றார், இரக்கப்படுகிற மாதிரி.

"ரெண்டாவது தலைமுறை இன்னும் கெட்டி. ஊட்டி ஏறறப்ப கொண்டை ஊசி வளைவுல இன்ஜின் கழண்டு ரோட்டுல விழுந்துருச்சு. ஓடுன பழக்கத்துக்கு வண்டி நிக்கவே இல்ல. மேல போயி டீ சொல்லிப்போட்டுத் திரும்பிப் பாக்கறேன், இன்ஜின் தனியா ஏறி வருது. ஹாரன் வேற அடிச்சுக்கிட்டு!"

"ஏனுங்க, ஹாரன் வண்டியிலதான இருக்கும்?"

"அதத்தானுங்க நானும் அதுகிட்டக் கேட்டேன்."

கௌசல்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தாள். அவள் கை அந்தச் சிவப்புப் பெயிண்டை விடவே இல்லை. இந்தப் புளுகனை நம்பி எப்படிச் சரி என்று சொல்வேன்?

"இது மூணாவதுங்க. போன வருஷம் புயல்ல கம்பமெல்லாம் சாஞ்சப்ப, ஒம்பது நாளு எங்க தெருவுக்கே கரண்டு இதுலருந்துதான். பத்தாம் நாளு கரண்ட் ஆபீஸ்காரங்க வந்து, 'அண்ணா, எங்களுக்கும் ஒரு கனெக்‌ஷன் குடுங்க'ன்னு மனு எழுதிக் குடுத்தாங்க. மெக்கானிக்கே தொட்டதில்லீங்க. நட்டு நட்டா எனக்கு அத்துப்படி. வாராவாரம் என்ற கையாலதான் தொடைக்கறேன்."

"பானெட்டத் தொறங்க" என்றேன்.

ஜம்பமாக முன்மூடியைத் தூக்கினார். உள்ளே ஒரு ஸ்டெப்னி டயரும் மடித்த கோணிச்சாக்கும் இருந்தன. இன்ஜின் இல்லை.

பொங்கியண்ணன் முகம் ஒரு நிமிஷம் செத்துப்போனது. ஒரே நிமிஷம்தான்.

"பாத்தீங்களா! ஒழைச்சு ஒழைச்சே தேஞ்சுபோச்சு. ஆனா ஓட்டம் மட்டும் கொறையல!"

"வா அம்மிணி, போலாம். இன்ஜினைக் கழட்டித் தனியா வித்துப்போட்டு நம்மகிட்டக் கதை அளக்கறாரு" என்று நான் நடையைக் கட்டினேன்.

கௌசல்யா வரவில்லை. "இந்த மாடலுக்கு இன்ஜின் சீட்டுக்குப் பின்னாலதான் மாமா" என்று பின்பக்கம் போய் அங்கே ஒரு மூடியைத் திறந்தாள். சுத்தமான இன்ஜின் உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வருஷாவருஷம் சர்வீஸ் பண்ணிய தேதிச் சீட்டு, எல்லாம் கம்பெனி மெக்கானிக் கையெழுத்து. சாவியைத் திருப்பினாள். நான் காதை வைத்துக் கேட்டேன். லாரிக்காரன் காதுக்கு ஒரு குறையும் அகப்படவில்லை.

பொங்கியண்ணன் முன்னாலிருந்து எட்டிப் பார்த்து, "அட, அங்கயா இருக்குது?" என்றார்.

"வாங்கிரலாம் மாமா" என்றாள் கௌசல்யா. "இவரு கை படவே இல்ல."