முப்பத்தொன்றாவது கிலோமீட்டர்

இசக்கியம்மாளைக் குரு என்று முதலில் கூப்பிட்டது யார் என்று எங்கள் ஓட்டக் குழுவில் யாருக்கும் ஞாபகம் இல்லை. விளையாட்டாகத் தொடங்கியது, ஒட்டிக்கொண்டுவிட்டது. அவருக்கு வயது முப்பத்தாறு. தூத்துக்குடியில் பெண்களுக்கு ஸ்கூட்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பழகுகிறவர் விழுந்துவிடாமல் வண்டியின் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடி ஓடித்தான் அவருக்கு ஓட்டம் வந்தது. ஓட்டத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார். கேட்டால் பதில் சொல்வார், சில நாள் அதுவும் இல்லை.

சர்வேயர் பால்வண்ணனுக்கு ஐம்பத்து மூன்று வயது. குருவைவிடப் பதினேழு வயது மூத்தவர். நாங்கள் கேலியாகக் கூப்பிடுகிற பெயரை நிஜமாகவே வாய் நிறையக் கூப்பிடுகிற ஒரே ஆள் அவர்தான்.

அவரிடம் ஒரு ரகசியம் இருந்தது. பிறகு அவரே எல்லோரிடமும் சொல்லிவிட்டபடியால் நானும் சொல்லலாம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் வெளியூரில் நடந்த மாரத்தான் ஒன்றில் ஓடினார். நாற்பத்திரண்டு கிலோமீட்டரில் முப்பத்தொன்றாவதில் கால் மடங்கி உட்கார்ந்தார். வேன் வந்தது, ஏறிக்கொண்டார். ஓட்டம் முடியும் இடத்துக்கு அரைக் கிலோமீட்டர் முன்னால் வேன் நின்றபோது ஒன்றுக்குப் போக இறங்கினார். திரும்பி வரும்போது தெரியாமல் ஓடுகிற பாதையில் கால் வைத்துவிட்டார். வேனில் நம்பரை யாரும் வாங்கவில்லை, அது மார்பிலேயே இருந்தது. ஓரத்தில் நின்றவர்கள் கைதட்டினார்கள். "சார், இந்தா இருக்கு, விட்டுராதீங்க" என்று யாரோ கத்தினார்கள். பால்வண்ணன் ஓடினார். கோட்டைத் தாண்டினார். ஒரு பெண் சிரித்தபடி அவர் கழுத்தில் மெடலைப் போட்டாள்.

ஊரார் நிலத்தை ஒரு சாண் பிசகாமல் அளக்கிற மனிதர், தனக்குப் பத்து கிலோமீட்டரை விழுங்கிவிட்டார்.

அதற்குப் பிறகு நான்கு மாரத்தான்கள் போனார். நான்கிலும் முப்பத்தொன்று என்று எழுதிய பலகையைக் கண்டதும் கால் நின்றுவிட்டது. வலி கிடையாது. மூச்சும் சரியாக இருந்தது. ஆனால் உடம்பு முழுக்க ஒரு களைப்பு இறங்கும். அடுத்த அடி வைக்க முடியாது.

நான்காவது தடவையும் வேனில் வந்த மறுநாள் குருவைத் தேடிப் போனார். குரு மைதானத்தில் ஸ்கூட்டர் சக்கரத்துக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார்.

"குருவே, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்கண்ணே."

"இந்தக் களைப்பு எப்பப் போகும்?"

"தூங்கினியளா?"

"தூங்கினேன். போகல."

"சாப்பிட்டியளா?"

"சாப்பிட்டேன். அதுக்கும் போகல. ஒவ்வொரு தடவையும் முப்பத்தொண்ணுல வந்து நின்னுருதேன்."

குரு பம்பை நிறுத்தினார். "முப்பத்தொண்ணுல என்ன இருக்கு?"

சொல்லிவிடலாம் என்றுதான் அவர் வந்திருந்தார். வீட்டிலிருந்து மைதானம் வரை மனதுக்குள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தும் இருந்தார். ஆனால் குருவின் முகத்தைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டார். தன்னைப் பற்றி நல்லபடியாக நினைக்கிற ஒருவர் குறைந்துபோவது அவருக்குப் பயமாக இருந்தது.

"ஒண்ணும் இல்ல. ஒரு பலகை இருக்கு."

குரு மறுபடி காற்று அடிக்கத் தொடங்கினார்.

"இனிமே ஷூவைக் கழட்டிரலாம்னு நெனைக்கேன். ஓடவும் முடியல, விடவும் முடியல. அலுத்துப் போச்சு."

"கழட்டுங்க. ஆனா வாற ஞாயித்துக்கெழமை உப்பளத்து ரோட்டுல மாரத்தான் இருக்குல்லா, அதுக்கு வந்துட்டுக் கழட்டுங்க. கடைசி ஆளுக்குத் துணையா வாறதுக்கு என்னையப் போட்டுருக்காங்க. என்கூட வர வேண்டியவருக்கு டெங்கு. எனக்கு ஒரு ஆள் வேணும்."

"இதுதான் பதிலா?"

"இல்லண்ணே. நெசமாவே ஆள் வேணும்."

பந்தயத்தில் கடைசியாக வருகிறவருக்குப் பின்னால் வருவதற்கென்று இரண்டு பேரைப் போடுவார்கள். அவரை முந்தக் கூடாது, விரட்டவும் கூடாது. தண்ணீர் கேட்டால் கொடுக்க வேண்டும். இனி முடியாது என்று அவராகச் சொன்னால், ஒரு ஃபாரத்தில் அவர் நம்பரையும் பெயரையும் நின்ற கிலோமீட்டரையும் எழுதி, மார்பில் குத்திய நம்பரை வாங்கிக்கொண்டு, வேனுக்குப் போன் செய்ய வேண்டும். பிறகு முன்னால் போகிற அடுத்த கடைசி ஆளை ஓடிப் பிடிக்க வேண்டும். கைதட்டல் எதுவும் இந்த இருவருக்குக் கிடையாது. அவர்கள் வரும்போது தண்ணீர் மேசைகளை மடக்கிக்கொண்டிருப்பார்கள்.

ஞாயிறு காலை நான்கு மணிக்கு ஓட்டம் தொடங்கியது. இருபதாவது கிலோமீட்டருக்குள்ளேயே கடைசி ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. ரெஜினாள் டீச்சர். நாகர்கோவில் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் விலங்கியல் நடத்துகிறவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். முதல் மாரத்தான். காலைத் தேய்த்துத் தேய்த்து ஓடினார்.

இருபத்தைந்தில் வெயில் ஏறியது. இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள். நிழலுக்கு ஒரு மரம் கிடையாது. உப்பின் வெள்ளையில் கண் கூசியது. பத்தரை மணிக்குள் கோட்டைத் தாண்டினால்தான் மெடல்.

"ரொம்ப மெதுவாப் போறாங்களே" என்று பால்வண்ணன் கிசுகிசுத்தார்.

"ஏன், நாம பஸ்ஸைப் பிடிக்கணுமா?"

இருபத்தேழு வந்தது. பால்வண்ணன் கணக்குப் போட்டார். இன்னும் நான்கு, அப்புறம் அந்தப் பலகை. ஓட்டக்காரராக இல்லாமல் துணைக்கு வந்தவராக அதன் முன் நின்றுபோனால் என்ன கேவலம் என்று நினைத்துக்கொண்டார்.

இருபத்தெட்டில் டீச்சர் ஓட்டத்தை விட்டு நடக்க ஆரம்பித்தார். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது.

"சார், இன்னும் எவ்வளவு தூரம்?"

"அதை விடுங்க டீச்சர். அந்தா ஒரு வெள்ளைக் கல்லு தெரியுதுல்லா, அதுவரைக்கும் போவோம்."

"அது எவ்வளவு?"

பால்வண்ணன் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். முப்பது வருடத் தொழில். "நூத்தி நாப்பது மீட்டர்."

டீச்சர் நூற்று நாற்பது மீட்டர் நடந்தார். அடுத்தது ஒரு மின்கம்பம். தொண்ணூறு மீட்டர். அடுத்து ஒரு உப்புக் குவியல், இருநூற்றுப் பத்து. இருநூற்றுப் பத்தா என்று டீச்சர் நின்றுவிட்டார். சரி, நடுவில் அந்தத் தார் டின் வரைக்கும் என்று பால்வண்ணன் அதைப் பாதியாக்கினார். டீச்சரின் தண்ணீர் பாட்டில், தொப்பி, மூக்குக்கண்ணாடி எல்லாம் இப்போது அவர் கையில் இருந்தன. கிலோமீட்டர்ப் பலகைகளைப் பிடுங்கி ஏற்றிக்கொண்டு ஒரு குட்டி யானைச் சரக்கு வண்டி அவர்களைத் தாண்டிப் போயிற்று. டீச்சர் ஓரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். பால்வண்ணன் முதுகைத் தடவவா வேண்டாமா என்று தெரியாமல் பாட்டிலைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். குரு தடவினார். மறுபடி நடந்தார்கள். கல், கம்பம், மதகு, கல்.

ஒன்பதரை மணிக்கு டீச்சர் ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டார்.

"என்னால முடியல."

குரு வேனுக்குப் போன் செய்தார். ஐந்து நிமிடத்தில் வந்து நின்றது. டீச்சர் எழுந்திருக்காமல் டிரைவரைக் கேட்டார்.

"தம்பி, வேன் எங்க கொண்டு விடும்?"

"முடியுற எடத்துக்குப் பக்கத்துலதான். ஒரு முக்கா கிலோமீட்டர் முன்னால நிக்கும்."

டீச்சர் குருவின் பக்கம் திரும்பினார். மெதுவாகச் சொன்னார்.

"நாளைக்கு ஸ்டாஃப் ரூம்ல கேக் வெட்டுதாங்க. நாப்பத்திரண்டுன்னு எழுதி ஆர்டர் குடுத்தாச்சு. மூணு மாசமா எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த முக்கா கிலோமீட்டரை நடந்து போயி கோட்டைத் தாண்டுனா யாருக்காவது தெரியுமா?"

குரு பால்வண்ணனைப் பார்த்தார். "அண்ணே, ஃபாரம் உங்க கையிலதான் இருக்கு. நீங்க சொல்லுங்க."

பால்வண்ணன் ஃபாரத்தைப் பார்த்தார். கூடாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். விதி இருக்கிறது. அவர் அரசாங்க ஊழியர், விதியைச் சொல்வது அவருக்குப் பழக்கம்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"தெரியாது டீச்சர். யாருக்கும் தெரியாது."

டீச்சர் நிமிர்ந்தார்.

"நான் செஞ்சிருக்கேன். ரெண்டு வருசம் ஆச்சு. முப்பத்தொண்ணுல வேன்ல ஏறினேன். கடைசியில எறங்கி ஓடிப் போயி மெடல் வாங்கிட்டேன்."

"கண்டுபிடிக்கலியா?"

"இல்ல. மெடல் வீட்டுல டி.வி.க்கு மேல தொங்குது. வாறவங்கல்லாம் தொட்டுப் பாப்பாங்க. மக கல்யாணத்துக்கு பேனர் வச்சாங்க, அதுல எம்பேருக்கு முன்னால மாரத்தான் வீரர்னு போட்டாங்க. நான்தான் பந்தல்ல நின்னு கும்பிட்டேன். என் பொண்டாட்டிகூட கேக்கல. யாருமே கேக்கல டீச்சர்."

சொல்லி முடித்தபோது அவர் முகம் வேர்த்துச் சோர்ந்திருந்தது. குரு குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டிருந்தார்.

டீச்சர் நம்பரைக் குத்தியிருந்த நான்கு ஊக்குகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றினார். விரல் வீங்கியிருந்ததால் நேரம் பிடித்தது. நம்பரை மடித்துப் பால்வண்ணனிடம் கொடுத்தார்.

"கேக்கை என்ன செய்ய?" என்று குருவைக் கேட்டார்.

"திங்கத்தானே வாங்கிருக்காங்க."

டீச்சர் சிரித்தார், கண்ணீரும் வந்தது. டிரைவர் கை கொடுத்து அவரை வேனில் ஏற்றினான். பாட்டில், தொப்பி, மூக்குக்கண்ணாடியைப் பால்வண்ணன் உள்ளே நீட்டினார்.

பால்வண்ணன் ஃபாரத்தில் டீச்சரின் நம்பரையும் பெயரையும் எழுதினார். பேனாவை எடுக்காமல் அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினார். பால்வண்ணன். கிலோமீட்டர் முப்பத்தொன்று.

குரு எட்டிப் பார்த்தார்.

"குருவே, உங்களுக்கு முன்னாலயே தெரியுமா?"

"தெரியாது."

"அன்னைக்கு அதுக்கு மேல ஒண்ணும் கேக்கலியே."

"நீங்க பலகை இருக்குன்னு சொன்னிய. பலகைதான்னு நெனச்சேன்."

"இப்ப என்னையப் பத்தி என்ன நெனைக்கிய?"

"டீச்சர் வரியில கிலோமீட்டர் போடலியே அண்ணே."

அவர் பேனாவைத் தாளில் வைத்தார். "எவ்வளவு போட?"

குரு ஓடிய தூரத்தைக் காட்டும் தன் கைக்கடிகாரத்தை நீட்டினார். பால்வண்ணன் பார்த்தார். கடிகாரத்தின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். முப்பத்து நான்கு என்று காட்டியது. ரோட்டில் வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். வெயிலில் அது ஒரே மாதிரியாக நீண்டு கிடந்தது.

"முப்பத்தொண்ணு எப்ப வந்துச்சு?"

"எட்டே முக்காலுக்கு. டீச்சர் வாந்தி எடுத்தாங்கல்லா, அப்ப."

பால்வண்ணன் முப்பத்து நான்கு என்று எழுதினார். கையெழுத்து கோணலாக வந்தது. பிறகு கீழே இருந்த தன் வரியைக் காட்டினார்.

"இதை என்ன செய்ய?"

"அது அன்னைக்கு மெடல் குடுத்த ஊர்க்காரங்களுக்கு எழுத வேண்டியது. வீட்டுல உக்காந்து எழுதி அனுப்பணும். நாளைக்குச் செய்யுங்க."

வேன் புறப்படாமல் உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே டீச்சருக்குப் பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. பால்வண்ணன் அதைப் பார்த்தார். அவருக்குக் கால் வலித்தது, தோள் வலித்தது, வெயில் உச்சியில் இறங்கியது. அந்த இரண்டு வருடக் களைப்பு எங்கும் போய்விடவில்லை.

"ஏறிக்கிடவா, குருவே?"

குரு தூரத்தில் ஒரு பச்சைத் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

"ஏறுறதா இருந்தா உங்க வரியத் திருத்தி முப்பத்து நாலுன்னு போட்டுட்டு ஏறுங்க. இல்லன்னா அந்த வரிய அடிச்சிட்டு என்கூட வாங்க. கடைசி ஆள் அந்தா போயிட்டு இருக்காங்க, பின்னால யாரும் இல்ல."