பீடிக்கு நெருப்பு கேட்டுச் செத்த மாசானம்

வெட்டிவிளை மாமனாருக்கு மாப்பிள்ளைங்க நாலு பேரு. அக்கா தங்கச்சி நாலு பேரைக் கட்டின சகலைங்க. நாலு பேரு மூளையையும் தராசுல ஒரு தட்டுல வச்சு, மறு தட்டுல ஒரு கத்திரிக்காயை வச்சா, கத்திரிக்காய்தான் கீழ இறங்கும். பிஞ்சுக் கத்திரிக்காயா இருந்தாலும் சரி.

மூணாவது சகலை மாசானத்தோட மகளுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து. ஞாயித்துக்கிழமையே நாலு பேரும் மாமனார் வீட்டுல வந்து இறங்கிட்டாங்க. இவங்களுக்கு ஒரு வேலையும் சொல்லிராதீங்கன்னு மாமனார் வீட்டுல எல்லார்கிட்டயும் கெஞ்சிட்டாரு. போன விசேஷத்துல பந்தக்கால் நடச் சொன்னதுக்கு, நட்டு, மூணு மாசம் தண்ணி ஊத்துனவங்க இவங்க.

சும்மா இருக்கிறவன் கை சும்மா இருக்குமா? மச்சுல குடியிருந்தவரு காலி பண்ணும்போது விட்டுட்டுப் போன ஒரு டப்பாவைத் திறந்தாங்க. உள்ள தலகாணி மாதிரி ஒரு இங்கிலீஷ் புத்தகம், இருபது மூஞ்சி உள்ள ஒரு பகடை.

மூத்த சகலை குழந்தைவேலு எட்டாங்கிளாஸ் வரைக்கும் எட்டிப் பார்த்தவரு. எழுத்துக்கூட்டிப் படிச்சுச் சொன்னாரு. "இது கதை ஆட்டம். ஒருத்தர் கதை சொல்லணும், அது நான். மத்தவங்க ஆளுக்கு ஒரு வேஷம் எடுத்துக்கிட்டு, நான் என்ன செய்வேன்னு சொல்லணும். அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும். பகடை சொன்னது சொன்னதுதான்."

மாசானம் போர்வீரன். கடைக்குட்டி தொரைப்பாண்டி வைத்தியச் சாமியார். ரெண்டாவது சகலை இருளப்பன் ஆறடி உயரம், அவருக்குக் குள்ளன் வேஷம். அன்னையில இருந்து அவரு முட்டி போட்டுத்தான் நடந்தாரு, கக்கூசுக்குக்கூட.

"முன்னால ஒரு குகை. உள்ள ஒரு டிராகன் தூங்குது. வாயைத் திறந்தா நெருப்பு" அப்படின்னு குழந்தைவேலு ஆரம்பிச்சாரு. "என்ன செய்யுதீரு?"

"செருப்பைக் கழட்டலாமா, போட்டுக்கிட்டே போகலாமா?" இது தொரைப்பாண்டி.

"குகைக்குள்ள சாமி இருந்தாக் கழட்டணும்" அப்படின்னாரு இருளப்பன்.

"டிராகன் சாமியா?"

"புத்தகத்துல போடலையே."

"அப்ப ஒத்தச் செருப்பைக் கழட்டுவோம்."

ஒருவழியா உள்ள போனாங்க. மாசானம் யோசிச்சுப் பார்த்துட்டுச் சொன்னாரு. "நான் ஒரு பீடி எடுக்கேன். தீப்பெட்டி இல்ல. டிராகனைத் தட்டி எழுப்பி, அண்ணாச்சி, நெருப்பு இருக்கான்னு கேக்கேன்."

பகடையை உருட்டுனாரு. ஒண்ணு விழுந்துச்சு, இருக்கிறதுலயே மோசமான எண்ணு. பீடியும் பத்துச்சு, மாசானமும் பத்துனாரு.

"செத்துட்டீரு" அப்படின்னாரு குழந்தைவேலு.

"நானா?"

"பேசாதேயும். ஆட்டம் முடியுற வரைக்கும் செத்தவர் வாயைத் திறக்கக்கூடாதுன்னு போட்டிருக்கு."

"ஆட்டம் எப்ப முடியும்?" தொரைப்பாண்டி கேட்டாரு.

"வருசக்கணக்கா ஆடலாமாம்."

மாசானம் அப்படியே பாயில மல்லாந்துட்டாரு. கால் கட்டைவிரல் ரெண்டையும் அவரே சேர்த்துக் கட்டிக்கிட்டாரு. பொண்டாட்டி சொர்ணம் வந்து சாப்பிடக் கூப்பிட்டா. மனுசன் அசையல. விசயத்தைச் சொன்னதும், "உசிரோட இருந்தப்ப மட்டும் பேசிக் கிழிச்சாராக்கும்" அப்படின்னுட்டு கஞ்சியை வாயில ஊத்திட்டுப் போயிட்டா.

அப்பத்தான் இருளப்பனுக்கு ஒண்ணு தோணுச்சு. "சகல, வெள்ளிக்கிழமை காதுகுத்து. செத்தவரை எப்படி விசேஷத்துல நிறுத்துறது?"

மாசானம் கண்ணுல பொலபொலன்னு தண்ணி. ஒத்தை மகளுக்குக் காது குத்துறதைப் பக்கத்துல நின்னு பார்க்கணும்னு ஒரு வருசமா காத்திருந்தவரு.

"செத்தவர் அழுதாரே" அப்படின்னாரு தொரைப்பாண்டி.

"அழட்டும். அவருக்கு வேற யாரு அழப்போறா?" அப்படின்னாரு குழந்தைவேலு.

குழந்தைவேலு ராத்திரியோட ராத்திரியா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடிச்சாரு. வைத்தியச் சாமியார் மந்திரம் போட்டுப் பகடையை உருட்டணும். இருபது விழுந்தா செத்தவர் எந்திரிச்சிருவாரு. ஆனா ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். அதுக்கு முன்னால சாமியார் எட்டு மணி நேரம் விடாமத் தூங்கியிருக்கணும்.

திங்கக்கிழமை ஏழு விழுந்துச்சு. செவ்வாய்க்கிழமை மூணு. புதன்கிழமை தொரைப்பாண்டியைக் கொசு ஏழாவது மணி நேரத்துல எழுப்பிருச்சு. மறுபடியும் முதல்ல இருந்து தூங்குனாரு. எட்டு மணி நேரம் ஆச்சான்னு அரைமணிக்கு ஒரு தடவை இருளப்பன் அவரைத் தட்டி எழுப்பிக் கேட்டாரு. புதன்கிழமை அதுலயே போச்சு. வியாழக்கிழமை பத்தொன்பது. மாசானத்துக்கு நெஞ்சே அடைச்சுப்போச்சு. செத்தவருக்கு நெஞ்சு அடைச்சா என்ன, அடைக்கலேன்னா என்னன்னு விட்டுட்டாங்க.

வெள்ளிக்கிழமை விடிஞ்சுது. பந்தல்ல சொந்தபந்தம் எல்லாம் கூடியாச்சு. தாய்மாமன் மடியில பிள்ளை உட்கார்ந்தாச்சு. ஆசாரி ஊசியை எடுத்து வச்சுக்கிட்டு, "பிள்ளைக்கு அப்பா எங்கப்பா?" அப்படின்னாரு.

"இந்தா, உருட்டிக்கிட்டு இருக்கோம்" அப்படின்னு மச்சுல இருந்து குரல் வந்துச்சு.

தொரைப்பாண்டி கண்ணை மூடி உருட்டுனாரு. பகடை சுத்துச்சு, சுத்துச்சு, இருபதுல நின்னுச்சு.

மாசானம் கட்டுன காலோட துள்ளிக் குதிச்சாரு. "ஆடாதேயும்" அப்படின்னு குழந்தைவேலு அமுக்கிப் பிடிச்சாரு. "பொழச்சு வந்தவருக்கு உசிரு ஒரே ஒரு புள்ளிதான் உண்டாம். ஒரு அடி பட்டாலும் போச்சு."

அதனால மாசானத்தை ரெண்டு மெத்தைக்கு நடுவுல வச்சுக் கயித்தால கட்டி, மூஞ்சி மட்டும் தெரியுற மாதிரி மூணு பேருமாத் தூக்கிக்கிட்டு பந்தலுக்கு வந்தாங்க. இருளப்பன் முட்டி போட்டே தூக்குனதால மெத்தை ஒரு பக்கமா சாய்ஞ்சே வந்துச்சு. மகளுக்குப் பக்கத்துல நிறுத்துனாங்க. மாசானம் முகத்துல அப்படி ஒரு சந்தோசம். "கண்ணு, அப்பா வந்துட்டேன்" அப்படின்னு மெத்தையோட குனிஞ்சாரு.

ஆசாரி குத்துனாரு. பிள்ளை வீல்னு கத்திக்கிட்டு காலை ஒரு உதறு உதறுச்சு. சின்னக் கொலுசுக்கால், நேரா அப்பன் மூக்குல.

மாசானம் மூக்கைச் சுளிச்சுப் பார்த்தாரு. குழந்தைவேலு முகத்தைப் பார்த்தாரு. "போச்சு" அப்படின்னு நிதானமாச் சொல்லிட்டு மெத்தையோட சாய்ஞ்சாரு.

கறிச்சோத்துக்குப் பந்தி போட்டாச்சு. மெத்தையை அவிழ்த்து மாசானத்தையும் பந்தியில உட்கார வச்சா சொர்ணம். செத்தவர் எப்படிச் சாப்பிடலாம்னு மத்த மூணு பேரும் கூடிப் பேசுனாங்க. அவருக்கு முன்னால வச்சா அது சாப்பாடு இல்ல, படையல், அதை யாரு தின்னாலும் தப்பில்லைன்னு முடிவாச்சு. தனக்கு வச்ச படையலைத் தானே மூணு தடவை சைகை காட்டி வாங்கித் தின்னாரு மாசானம்.

தின்னு முடிச்சு இலையை மடிக்கப் போன கை அப்படியே நின்னுச்சு. நல்ல விசேஷம்னா இலையை நம்ம பக்கமா மடிக்கணும், சாவுவீடுன்னா அந்தப் பக்கமா மடிக்கணும்.

"காதுகுத்து நல்ல காரியம், இந்தப் பக்கம்" அப்படின்னாரு தொரைப்பாண்டி.

"காலையில ஒரு சாவு விழுந்திருக்கு, அந்தப் பக்கம்" அப்படின்னாரு இருளப்பன்.

"யாரும் மடிக்காதீங்க" அப்படின்னு பந்தி முழுக்கக் கேக்குற மாதிரி குழந்தைவேலு சத்தம் போட்டாரு. மடிக்காம எந்திரிச்சா மரியாதை இல்லைன்னு எண்பது பேரும் எச்சிக்கையைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்துட்டாங்க.

சாயங்காலம் பொறுமை இழந்து சொர்ணம் வந்து, "இப்ப எந்திரிக்கியளா இல்லையா?" அப்படின்னா. மாசானம் மூணு சகலையையும் பார்த்தாரு, இலையைப் பார்த்தாரு. இலையைச் சுருட்டி வாயில போட்டு மென்னு முழுங்கிட்டாரு.

மத்த எழுபத்தொன்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. அப்புறம் அவங்களும் மெல்ல ஆரம்பிச்சாங்க.