நாச்சிமுத்து கேரவனுக்குக் கண்ணாடி ஒட்டிய கதை

சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் கிடைப்பது கஷ்டம் என்பார்கள். சோழிப்பாளையத்தில் மூன்று பேர் கிடைத்தார்கள். கிடைத்த பிறகுதான் கஷ்டம் என்றால் என்னவென்று ஊருக்குத் தெரிந்தது.

மூத்தவன் செங்கோடன், மேஸ்திரி. மாரப்பனும் குருநாதனும் அவனுடைய தங்கைமாரைக் கட்டியவர்கள். கல்யாண மேடை சோடிப்பது மூவருக்கும் தொழில்.

அந்த ஊர்க் கோழிப்பண்ணை நாச்சிமுத்து ஒரு கேரவன் வண்டி வாங்கினார். உள்ளேயே கட்டில், அடுப்பு, கக்கூஸ், ஏசி எல்லாம் உண்டு. அதிலேயே குடியிருந்துகொண்டு காசிவரைக்கும் போகலாம். அவர் போக வேண்டியிருந்தது பன்னிரண்டு கிலோமீட்டர். தங்கை சரசாவின் குழந்தைக்கு வெள்ளிக்கிழமை மலையடிவாரக் கோயிலில் காதுகுத்து. தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். பகல் பன்னிரண்டு மணிக்குள் இவர் போய்ச் சேராவிட்டால், தம்பி வெள்ளியங்கிரியின் மடியில் வைத்துவிடுவார்கள். தம்பியோடு இவருக்கு ஏழு வருசமாகப் பேச்சில்லை. அந்த மரியாதை அவன் மடிக்குப் போவதை நினைத்தாலே இவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வண்டி மின்னணும். ஒரு எடம் விடக்கூடாது. உள்ளயும் அப்படித்தான். ஒட்டுனது ஒண்ணுகூட உதிரக்கூடாது" என்றார்.

"ஒரு எடம்னா எந்த எடமுங்க?" என்றான் குருநாதன்.

"ஒரு எடம்னா ஒரு எடம்தான்டா."

"வெளக்கமாச் சொல்லிட்டாரு மச்சான்" என்று செங்கோடனைப் பார்த்துத் தலையாட்டினான் குருநாதன்.

முகம் பார்க்கிற சில்லுக் கண்ணாடி மூன்று மூட்டை வாங்கினார்கள். தரையில் டைல்ஸ் ஒட்டுகிற பசை இரண்டு டின். முதலில் டயருக்கு ஒட்டினார்கள். பிறகு டிரைவர் பக்கத்துக் கண்ணாடியில் வந்து நின்றார்கள்.

"இது ஏற்கெனவே கண்ணாடிதான மச்சான்?"

"அது வெறுங்கண்ணாடி மாப்ளை. நாம ஒட்டறது ஓரத்துல பூப்போட்டது."

ஒட்டினார்கள். அடுத்தது முன்பக்கத்துப் பெரிய கண்ணாடி.

"இது வழியாத்தான ரோட்டைப் பாக்கணும்?"

"ரோடு எங்க போயிரும்? நேத்து இருந்த எடத்துலதான இருக்கும்."

அதுவும் சரியாகத்தான் பட்டது. ஒட்டினார்கள்.

உள்வேலை மாரப்பனுக்கு. கட்டில், அடுப்பு, கூரை என்று முடித்துக் கக்கூஸ் தொட்டிக்குள்ளும் வட்டமாக ஒட்டினான். ஒட்டி முடித்துக் குனிந்து பார்த்தவன் அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தான்.

"உள்ளயிருந்து எவனோ என்னையப் பாக்கறான் மச்சான்."

"மூஞ்சி எப்படி இருக்குது?"

"திருட்டு மூஞ்சி."

"அப்ப நீதான். போயி வேலையப் பாரு."

கடைசியாக மிச்சமிருந்தவை கதவுகள். மாரப்பன் உள்ளிருந்து ஒட்டினான். மற்ற இருவரும் வெளியிலிருந்து ஒட்டினார்கள். இடுக்கு தெரிந்தால் அசிங்கம் என்று இடுக்கெல்லாம் பசையால் அடைத்தார்கள். வியாழன் சாயங்காலம் கதவு எது, சுவர் எது என்று ஒட்டினவர்களுக்கே தெரியவில்லை.

வெள்ளி காலையில் நாச்சிமுத்து பட்டு வேட்டியோடு வந்தார். வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். நாலு இடத்தில் நின்று தலை சீவிக்கொண்டார். அவருக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகுதான் கேட்டார்.

"கதவு எங்கடா?"

"எங்கயும் போகலீங்க. கெட்டியா ஒட்டியாச்சு."

உள்ளேயிருந்து தட்டுகிற சத்தம் கேட்டது.

"எவன்டா அது?"

"மாரப்பனுங்க."

"நீ எதுக்குடா உள்ள இருக்கற?"

"வெளிய வரலீங்க. அதனாலதானுங்க."

கூரையில் காற்று வருவதற்கு ஒரு மூடி உண்டு. செங்கோடனும் குருநாதனும் அதன்மேல் உட்கார்ந்துதான் வெற்றிலை போட்டிருந்தார்கள். அதனால் அது ஒன்று தப்பித்திருந்தது. ஏணி போட்டு நாச்சிமுத்துவை அதன் வழியாக இறக்கினார்கள். ஆள் நூற்றுப்பத்துக் கிலோ. உடம்பு இடுப்போடு நின்றுகொண்டது. இருவரும் தோளைப் பிடித்து, ஊறுகாய் ஜாடியில் எலுமிச்சை அமுக்குகிற மாதிரி அமுக்கினார்கள். தொப்பென்று விழுந்தார்.

இனி ரோடு தெரிய வேண்டுமே. கடப்பாரையால் முக்கால் மணி நேரம் போராடி, முன்கண்ணாடியில் ஒரே ஒரு சில்லைப் பெயர்த்தார்கள். அந்த ஓட்டையில் ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு நாச்சிமுத்து வண்டியைக் கிளப்பினார். செங்கோடனும் குருநாதனும் கூரைமேல் உட்கார்ந்துகொண்டார்கள்.

சந்தைமேட்டில் ஒரு காளை குறுக்கே வந்தது. வண்டியைப் பார்த்தது. அதற்கு முந்நூறு காளைகள் தெரிந்தன. பாவம், மானமுள்ள காளை. ஒன்றுவிடாமல் எல்லாவற்றோடும் சண்டை போட்டு முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

கோயிலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்றரை. வெள்ளியங்கிரி சம்மணம் போட்டு, மடியில் துண்டை விரித்துத் தயாராக உட்கார்ந்திருந்தான்.

"அண்ணா, எறங்கி வாங்க" என்றாள் சரசா.

"கதவு இல்லம்மா."

"மேல வழியா வாங்க."

"உள்ள வந்ததே நாலு கை அமுக்கி."

செங்கோடன் யோசித்தான். "மடி வெளிய வராது. காது உள்ள போலாமுங்களே" என்றான்.

கோயில் ஏணியை வாங்கிப் போட்டு ஆசாரியையும், சரசாவையும், குழந்தையையும் உள்ளே இறக்கினார்கள். நாச்சிமுத்து குழந்தையை மடியில் வாங்கினார். குழந்தை தலையை இப்படியும் அப்படியும் ஆட்டியது. நாச்சிமுத்து தாய்மாமன் கௌரவத்தில் சிலை மாதிரி இருந்தார்.

ஆசாரி கம்பியைக் கையில் எடுத்துச் சுற்றிலும் பார்த்தார். தரை, கூரை, கட்டில் எல்லாம் காதாக இருந்தது.

"இதுல எதுங்க நெசம்?"

நேற்றிலிருந்து உள்ளேயே இருந்த மாரப்பன் விவரம் தெரிந்தவன் மாதிரி, "ஆடாம இருக்கறதுதானுங்க நெசம்" என்றான்.

ஆசாரி ஆடாத காதைப் பிடித்துக் குத்தினார்.

வெளியே நின்ற பெண்கள் அழுகைச் சத்தம் கேட்டுக் குலவை போட்டார்கள். "கொழந்தைக்கு நல்ல தொண்டை" என்று பேசிக்கொண்டார்கள்.

உள்ளே ஆசாரி கையைப் பிசைந்தார். "குத்துனது குத்தியாச்சு. ஒத்தக் காதோட நிறுத்துனாக் குடும்பத்துக்கு ஆகாதுங்க."

"அப்ப அண்ணனைத் தாய்மாமன் மடியில உக்கார வெச்சுல்ல குத்தணும்?" என்றாள் சரசா.

முறை என்றால் முறைதானே. அவர்களுடைய தாய்மாமன் அர்த்தனாரி வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். எண்பத்தெட்டு வயசு, நாற்பது கிலோ. செங்கோடனும் குருநாதனும் அவரை வேட்டியில் தூளி கட்டி உள்ளே இறக்கினார்கள்.

"ஆருக்குக் காதுகுத்து?"

"அண்ணனுக்குங்க மாமா."

"இவனுக்கு நாந்தான அப்பவே மடியில வெச்சுக் குத்துனேன்?"

"அந்த ஓட்டை தூந்துபோச்சுங்க மாமா."

"செரி, உக்காருடா."

நாச்சிமுத்து உட்கார்ந்தார். பெரியவர் கண்ணுக்குத் தெரியாமல் போனார். "உசுரோட இருக்கறேன், சீக்கிரம்" என்று அடியிலிருந்து சத்தம் மட்டும் வந்தது. பன்னிரண்டு அடிக்க ஒரு நிமிசம் இருக்கும்போது ஆசாரி இரண்டாவது காதையும் குத்தினார். நாச்சிமுத்து ஓவென்று அழுதார்.

சரசா அவர் கண்ணைத் துடைத்து, காது குத்தின குழந்தைகளிடம் வழக்கமாகச் சொல்கிறதைச் சொன்னாள்: "அழாதீங்கண்ணா. அவ்வளவுதான், முடிஞ்சுது. ஆசாரியை அடிச்சிரலாம்."

பக்கத்தில் நின்ற மாரப்பன் ஆசாரியை அடித்தான். கண்ணாடியெல்லாம் அவனுக்குப் பழகிப்போயிருந்ததால் குறி தப்பவில்லை.

நாச்சிமுத்து அழுகையை நிறுத்தினார். ஆசாரி ஆரம்பித்தார்.

செங்கோடன் மேலிருந்து எட்டிப் பார்த்தான். நிலைமை புரிந்தது. திரும்பி வெளிக்கூட்டத்தைப் பார்த்து விசாரித்தான்:

"ஆசாரிக்குத் தாய்மாமன் ஆராச்சும் வந்திருக்கீங்களா?"